மைத்துனன் விட்டுப்போன மீசை

கண்ணாடிக்காரரின் வயிற்றுக்குள் மூன்று சிறுநீரகங்கள் இருந்தன. பிறக்கும்போது கூடவே வந்த இரண்டும் நாற்பத்தைந்து வயதில் கையை விரித்துவிட்டன. டாக்டர்கள் அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மூன்றாவதை அடிவயிற்றின் வலது பக்கம் வைத்துத் தைத்தார்கள். அந்த மூன்றாவது, அவருடைய மனைவியின் தம்பி கொடுத்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்சை இழைத்து சட்டத்துக்குள் பொருத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. கால் பாயிண்ட் பவர் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் விடாமல் பேசுவார். ஆனால் மைத்துனனிடம் நன்றி என்ற ஒரு சொல்லைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள், மைத்துனன் விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, குனிந்து குனிந்து நடந்து அவர் அறைக்கு வந்தான். கதவருகில் நின்று மூச்சு வாங்கினான்.

"என்ன மாமா, புது மெஷின் ஓடுதா?"

"மாப்ளே..." என்று ஆரம்பித்தார்.

"வாரண்டி எல்லாம் கிடையாது. திருப்பிக் குடுத்தாலும் எடுத்துக்க மாட்டேன். பார்த்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அதே குனிந்த நடையில் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் எப்போது பேச்செடுத்தாலும் அவன் இப்படி ஒரு கேலியைக் குறுக்கே போட்டுவிடுவான். பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

இருவரும் ஒன்றும் உருகி உருகிப் பழகியவர்கள் அல்ல. "இந்த ஆளுக்கா எங்க அக்காவைக் குடுக்கறீங்க?" என்று பெண் பார்த்த அன்றே சத்தம் போட்டவன் அவன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இருவரும் சண்டை போடாத விஷயம் பாக்கி இல்லை. மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்பதற்குக்கூட ஒரு முறை பத்து நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவன் கைபட்டு ஓடுகிறது. அவன் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாவது மாடி. இரண்டு தெரு தள்ளி, தனிக்கட்டை. முப்பத்தெட்டு வயது. கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நான்கடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, அக்கா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, எனக்கு ஒரு உதவி செய்யணும்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதே இல்லை.

"செய்யறேன்" என்றார்.

"என்னன்னு கேளுங்க மொதல்ல. வெளியூர்ல ஒரு பெரிய கட்டடம், எட்டு லிஃப்ட் மாட்டணும். மூணு மாசம் ஆகும். என் மீனைப் பார்த்துக்கணும்."

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "தம்பி, உனக்கென்ன மூளை கெட்டுப்போச்சா? இவருக்கு டாக்டர் குடுத்த காகிதத்துல என்ன எழுதியிருக்கு? மீன்தொட்டித் தண்ணியில வெறும் கை வைக்கக் கூடாதுன்னு தனியா ஒரு வரியே போட்டிருக்கு."

அது உண்மைதான். உடம்பு புதுச் சிறுநீரகத்தை வேற்றாள் என்று விரட்டிவிடாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் காவலைப் பாதியாகக் குறைத்துவிடும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

"அதெல்லாம் யோசிக்காம வருவேனாக்கா? தோள் வரைக்கும் வர்ற கையுறை ரெண்டு ஜோடி வாங்கி வெச்சிருக்கேன். வேற யாருகிட்ட விட்டாலும் சோறு போடறதோட நிறுத்திடுவாங்க. மாமாதான் அளந்து அளந்து செய்வாரு."

கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரி சிஸ்டருக்குப் போன் செய்து கேட்டார். அவருடைய ஆபரேஷனிலிருந்து இன்று வரை அவரைக் கண்காணிப்பவர் அந்த சிஸ்டர்தான். "கையுறை இல்லாம தொடாதீங்க. கையில கீறல் இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்று மூன்று நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அப்படித்தான் அவர் தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் மூன்று மாடி ஏறத் தொடங்கினார்.

தொட்டியில் இரண்டே இரண்டு மீன்கள். மீன் என்று சொன்னால் நம்பச் சற்று நேரம் பிடிக்கும். செதில் கிடையாது. தலையிலிருந்து வால் வரை எலும்புத் தகடு தகடாக அடுக்கி, இரும்புச் சட்டை மாட்டியது போன்ற கெளுத்தி. கரும்பழுப்பு உடம்பில் வெளிர் புள்ளிகள். வாய் தலைக்கு அடியில் இருந்தது. அந்த வாயால் கல்லிலும் கண்ணாடியிலும் அப்படியே ஒட்டிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்னும். வேகமாக ஓடும் ஆற்றில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று மைத்துனன் சொல்லியிருந்தான். ஆணுக்கு மூக்கின் மேலும் நெற்றியிலும் கிளை கிளையாக முடி போல முளைத்திருந்தது. அதனால் அதன் பெயர் மீசை. பெண்ணுக்கு அது இல்லை. அதன் பெயர் மொட்டை.

ஒரு நோட்டில் மைத்துனன் எழுதி வைத்திருந்தான். எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் விஷயம் சுத்தமாக இருந்தது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது, அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும். மருந்துச் சொட்டு விட்டுக் கலக்கிய பிறகே ஊற்ற வேண்டும். வெப்பம் இருபத்தாறு டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மரக்கட்டையை வெளியே எடுக்கவே கூடாது, அதைச் சுரண்டினால்தான் அவற்றுக்கு வயிறு சரியாக இருக்கும். வெள்ளரிக்காய்த் துண்டில் ஒரு கரண்டியைச் செருகி அடியில் போட வேண்டும், மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும். கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான்: வலையால் பிடிக்காதீங்க மாமா, துடுப்பு முள்ளும் கன்னத்து முள்ளும் வலையில மாட்டி கிழிஞ்சிடும்.

முதல் வாரம் கடனே என்று செய்தார். இரண்டாவது வாரம், வெள்ளரிக்காயைக் கொஞ்சம் மெல்லியதாக வெட்டினால் மொட்டை விரும்பித் தின்கிறது என்று கண்டுபிடித்தார். மூன்றாவது வாரம் கடைக்குக் கால் மணி தாமதமாகப் போனார். "எங்கே சார், மாமியார் வீட்டு விருந்தா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டதற்கு, "மீசை ஒருத்தன் காத்துக்கிட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு லென்சை எடுத்தார்.

ஆறாவது வாரம் மீசை காணாமல் போனது. தொட்டியின் பின்மூலையில் ஒரு மண்குழாய் கிடந்தது. ஒரு பக்கம் அடைத்தது, குகை மாதிரி. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு மூன்று நாளாக வெளியே வரவில்லை. வெள்ளரிக்காயையும் தொடவில்லை. நோட்டைப் புரட்டினார், அதில் ஒன்றும் இல்லை. டார்ச் அடித்து, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மீசையின் வயிற்றுக்கு அடியில், மிளகை விடச் சிறிய ஆரஞ்சு நிற மணிகள் ஒரு கொத்தாக இருந்தன. மீசை தன் துடுப்பால் அதற்கு விசிறிக்கொண்டே இருந்தது.

மைத்துனனுக்குப் போன் போட்டார். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது.

"முட்டை மாமா! முட்டை!" என்று அவன் கத்தியது லிஃப்ட் குழிக்குள் எதிரொலித்தது. "எத்தனை வருஷமாக் காத்திருக்கேன் தெரியுமா? அப்பன்தான் அடைகாப்பான். அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க. ஐயோ, நான் அங்க இல்லையே!"

இரண்டு நாள் கழித்து அது நடந்தது. அந்த வருடத்திலேயே மிக மோசமான வெயில் அன்றுதான். காலை பத்து மணிக்குத் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, ஆறேழு தெருவில் மின்சாரம் போய்விட்டது. கடையில் இழைக்கும் மெஷின் நின்றதுமே அவருக்குத் தொட்டி ஞாபகம் வந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்று மாடி ஏறினார்.

தண்ணீரை ஓட்டும் மோட்டார் நின்றிருந்தது. தண்ணீர் அசையவில்லை. அறை அடுப்பு மாதிரி இருந்தது; வெப்பமானி முப்பத்தொன்றைக் காட்டியது. மொட்டை நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே பாய்ந்து, காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. மீசை குழாய்க்குள்ளேயே இருந்தது. விசிறல் மட்டும் தாறுமாறாக வேகமாகியிருந்தது.

மைத்துனனுக்குப் போன் போகவில்லை. குழிக்குள் இருப்பான். நோட்டின் பின்னட்டையில் மீன்கடை அக்காவின் எண் இருந்தது. அவர் இதற்கு முன் அந்த அம்மாளிடம் பேசியதே இல்லை.

"யாரு, லிஃப்ட்காரர் மாமாவா? கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் அவள், அவர் பாதி சொல்லும்போதே. "சூடான தண்ணியில காத்து நிக்காது. மொட்டை மேல வந்து குடிச்சுப் பொழைச்சுக்கும். மீசை முட்டைய விட்டுட்டு வரமாட்டான், அதுதான் பிரச்சனை. ஒரு சொம்பு எடுங்க. தொட்டித் தண்ணியவே மொண்டு, ஒரு முழம் ஒசரத்துல இருந்து ஊத்துங்க. நிறுத்தாதீங்க. ஜன்னலை மூடித் திரையப் போடுங்க. ஃப்ரிட்ஜுல ஐஸ் இருந்தா பாட்டில்ல அடைச்சு மிதக்க விடுங்க. ஒண்ணு போதும், திடீர்னு குளிர்ந்தாலும் ஆபத்து. நான் வரேன்."

கையுறையை மாட்டிக்கொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். மொள்ள, ஊற்ற. மொள்ள, ஊற்ற. அரை மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினால் மனைவி நின்றிருந்தாள். கடைக்குப் போன் செய்து, விஷயம் தெரிந்து வந்திருக்கிறாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார்.

"நகருங்க" என்று சொல்லி, சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மதியம் ஒரு மணிக்கு மீன்கடை அக்கா வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் முகம் சிவந்து, ஒரு தோளில் துணிப்பை தொங்க, படியேறிய களைப்பில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையில் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார். அவள் கடையும் அதே இருட்டில்தான் இருந்தது. அங்கே நாற்பது தொட்டி.

"அங்க என் வீட்டுக்காரர் ஊத்திக்கிட்டிருக்காரு. ஒரு மோட்டார் இல்லேன்னா குடிமுழுகிப் போயிடாது" என்றாள். "இந்தக் குழல் முனையில காத்துக் குமிழி விடற கல்லை மண்குழாய் வாசல்ல வைக்கணும். எனக்குக் கை எட்டாது. நீங்க உயரம்."

கண்ணாடிக்காரர் நாற்காலியில் ஏறி, கையைத் தோள் வரை உள்ளே விட்டார். கல்லை வாசலில் வைத்தார். அது உருண்டது. மறுபடி வைத்து, கூழாங்கல்லை முட்டுக் கொடுக்கும்போது, மீசை குழாயிலிருந்து சீறிக்கொண்டு வந்தது. கன்னத்து முள்ளை விரித்து அவர் விரலில் ஒரு போடு போட்டுவிட்டு உள்ளே திரும்பியது. கையை வெளியே எடுத்துப் பார்த்தார். நடுவிரல் நுனியில் கையுறை பொத்தலாகியிருந்தது. அதற்குள் சிவப்பாக ஒரு பொட்டு.

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். சிஸ்டருக்குப் போன் செய்தாள். சிஸ்டர் உடனே வரச் சொன்னார். மருந்து போட்டார், கட்டு போட்டார், கோபப்படவும் செய்தார். "ரெண்டு மாசம் வரைக்கும் இந்த விரலைத் தினமும் பாருங்க. சின்னதா முடிச்சு மாதிரி வந்தா, ஆறாத புண்ணு வந்தா அன்னைக்கே ஓடி வாங்க. மாசாமாசம் எடுக்கற ரத்தத்தை இனிமே வாரத்துக்கு ஒருக்கா எடுப்போம்" என்றார்.

மாலை நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. மீசை பிழைத்தது. முட்டையும் பிழைத்தது. மீன்கடை அக்கா அதுவரை தொட்டியை விட்டு நகரவில்லை.

மைத்துனனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். விரலையும் சொன்னார். மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது, மனம் ஒப்பவில்லை. போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் காலை அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, மைத்துனன் தோள்பையோடு வந்து நின்றான். மீன் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"விரலைக் காட்டுங்க."

காட்டினார்.

"உங்களுக்கு அறிவு இருக்கா மாமா? மீன் செத்தாச் செத்துட்டுப் போகுது. வேற மீன் கடையில கிடைக்கும். கிட்னி எந்தக் கடையில கிடைக்கும்? என்கிட்ட இன்னும் ஒண்ணுதான் இருக்கு, அது எனக்கு வேணும்!"

"நினைக்காம இல்ல மாப்ளே."

"நினைச்சுமா கையை விட்டீங்க?"

"நீ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதானே."

மைத்துனன் பையைக் கீழே வைத்தான். வைத்தவன் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லலைடா" என்றார் கண்ணாடிக்காரர். "ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கறேன். நீ விட மாட்டேங்கற."

"ஏன் விடணும்? வேலை செய்யற இடத்துல என்னை ஸ்பானர் தூக்க விடறதில்ல. தெருவுல பார்க்கறவன் எல்லாம் தியாகி வர்றான்ங்கற மாதிரி வழி விடறான். நான் தும்மினா அக்கா கண்ணு கலங்குது. எனக்கு மூச்சு முட்டுது மாமா. நீங்க ஒருத்தர்தான் பழையபடி என்னைத் திட்டினீங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த பத்தாவது நாளே, நான் வாங்கிக் குடுத்த சட்டையப் பார்த்து, இது என்ன கலர்னு கேட்டீங்க இல்ல? அன்னைக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நன்றின்னு பார்த்தா நான்தான் உங்களுக்குச் சொல்லணும். அதான் நீங்களும் அந்தக் கூட்டத்துல போய்ச் சேர்ந்துடக் கூடாதுன்னு..."

அவன் முடிக்கவில்லை.

"சரி. ஒரே ஒரு தடவை சொல்லிடறேன். குறுக்க பேசாதே" என்றார் கண்ணாடிக்காரர். "டயாலிசிஸ்ல இருந்த மூணு வருஷம், ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான்னு அளந்து குடுத்தாங்க. வெயில் காலத்துல ஒரு வாய் தண்ணிய நாக்குல வெச்சுக்கிட்டு, முழுங்க மனசு வராம உட்கார்ந்திருப்பேன். இப்ப காலையில எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணிய அண்ணாந்து குடிக்கறேன். முழுசா. யாரையும் கேக்காம. தினமும் அப்ப உன்னை நினைச்சுக்கறேன் மாப்ளே. அவ்வளவுதான்."

மைத்துனன் எழுந்து தொட்டி அருகே போனான். மோட்டாரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு அதைத் திருகினான், துடைத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"அந்தச் சட்டை நல்ல கலர்தான்" என்றான் கடைசியில்.

"சகிக்கல" என்றார் கண்ணாடிக்காரர்.

மைத்துனன் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அதற்குள் முட்டைகள் பொரிந்துவிட்டன. குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள் கருவைச் சுமந்துகொண்டு, ஒரு வாரம் குழாய்க்குள்ளேயே நெளிந்தன. பிறகு ஒரு காலை, கண்ணாடி முழுக்கக் கறுப்புக் கறுப்பாக, ஒவ்வொன்றும் அரிசி நீளத்துக்கு, அப்பன் மாதிரியே வாயால் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் மூன்று முறை எண்ணினார். முப்பத்தாறு, நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு.

விரலில் முடிச்சு எதுவும் வரவில்லை. இரண்டு மாதம் முடிந்த அன்று சிஸ்டர் போன் செய்து, ரத்தத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றார் அவர். குஞ்சுகள் வளரும் வரை இருக்கட்டும் என்று மீன்கடை அக்கா விட்டுப்போன மோட்டாரை அவள் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார். கூடவே தண்ணீர் நிரப்பிய ஒரு பையில் பத்துக் குஞ்சுகள். அந்த அக்காவிடமும், அன்று நாற்பது தொட்டிக்குத் தனியாக மாரடித்த அவள் கணவரிடமும் நன்றி சொன்னார். அந்தக் கணவர் கூச்சத்தில், "எங்க தொட்டியில ஒண்ணும் போகலீங்க, ஒண்ணும் போகல" என்று இரண்டு முறை சொன்னார். நன்றி சொல்வது, கண்ணாடிக்காரர் நினைத்தது போல ஒன்றும் கஷ்டமான வேலையாக இல்லை.

வீட்டுக்கு வந்தார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் சொம்பைக் கீழே வைக்காதவள். தம்பியும் கணவனும் ஒரே நாளில் அடுத்தடுத்த அறையில் கிடந்தபோது, இரண்டு கதவுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள். அவர் எதிரே போய் நின்றார்.

"என்ன, அப்படிப் பார்க்கறீங்க?"

சொன்னார். எதற்கு, எதற்கு என்று ஒவ்வொன்றாக, லென்ஸ் அளவு சொல்வது போலச் சொன்னார். அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு, கேக்கறதுக்கு" என்றாள். "நேரமாச்சு, போய்க் கடையைப் பாருங்க."